ஊரடங்கு தளரும்போது வரும் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா ஊரடங்கு நாட்களில் ஒரு தன்னார்வ உதவி எண்ணில் மாலை வேளைகளில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் வந்த அழைப்புகளில் பாதி "எப்பத்தான் திறப்பாங்க" என்ற புலம்பல்தான். திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம் சுருதியே மாறிவிட்டது. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு கேக்கறேன், சிரிக்க மாட்டீங்களே" என்று ஆரம்பிப்பார்கள்.

அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்ததால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மனநல மருத்துவரிடம் கற்றது கொஞ்சம், போனில் கேட்டது கொஞ்சம், நானே பட்டது மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

எல்லாரும் சந்தோஷமா கிளம்பறாங்க. எனக்கு மட்டும் ஏன் வயித்தைக் கலக்குது?

உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2021 மார்ச்சில் வெளியிட்ட கணக்கெடுப்பில், கொள்ளைநோய் முடிந்தபின் மறுபடி ஆட்களோடு நேரில் பழகுவதை நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் 49 சதவீதம். கிட்டத்தட்டப் பாதிப்பேர். கிளம்பியவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள், கிளம்பாதவர்கள் எதைப் படம் எடுப்பார்கள்? அதனால்தான் ஊரே வெளியில் இருப்பதுபோலவும் நீங்கள் மட்டும் உள்ளே இருப்பதுபோலவும் தெரிகிறது.

காரணம் எளிது. மாதக்கணக்கில் உங்கள் மூளைக்கு ஒரே பாடம் நடந்தது: வெளியே ஆபத்து, வீடு பத்திரம், எதிரே வருகிறவர் இருமினால் விலகு, கைப்பிடியைத் தொட்டால் கழுவு. நீங்களும் அதைச் சிரத்தையாகப் படித்துத் தேறிவிட்டீர்கள். தளர்வு உத்தரவு ஒரே ராத்திரியில் வந்துவிடும். அதன் நகல் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும்.

இது நோயா? மனசு ஏதும் கெட்டுப்போச்சா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பத்திரிகைகள் இதைக் 'குகை நோய்' என்கிற மாதிரி ஒரு பெயரில் எழுதின, ஆனால் மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப்பட்டியல் எதிலும் அப்படி ஒரு நோய் கிடையாது. நிஜமான ஆபத்து ஒன்று இருந்தது, உடம்பு அதற்குத் தயாரானது, இப்போது தயார்நிலையிலிருந்து இறங்க முடியாமல் திண்டாடுகிறது.

அதற்காக எல்லாருக்கும் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். கொள்ளைநோயின் முதல் ஆண்டில் மட்டும் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. எந்த இடத்தில் இது உதவி தேவைப்படும் நிலையாக மாறுகிறது என்பதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

ஊரடங்கு போட்டப்பகூட இவ்வளவு பயம் இல்லையே. எடுக்கும்போது எதுக்கு வருது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர்கள் பாதி பதிலைத் தாங்களே வைத்திருப்பார்கள். போட்டபோது முடிவெடுக்கும் வேலை உங்களிடம் இல்லை. கதவைச் சாத்து என்றார்கள், சாத்தினீர்கள். யார் வீட்டுக்கும் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் நீங்களே நீதிபதி: இந்த அறைக்குள் நுழையலாமா, நீட்டிய கையைப் பிடிக்கலாமா, முகக்கவசம் போட்டால் தப்பாக நினைப்பார்களா, போடாமல் போய் ஏதாவது ஆகிவிட்டால் அது என் தப்பா? ஒரு நாளைக்கு இப்படி முப்பது தீர்ப்பு எழுதினால் மனசு களைத்துப் போகாமல் என்ன செய்யும்.

இன்னொன்று, விதிகள் போவதும் நோய் போவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இங்கிலாந்தில் 2021 ஜூலை 19 அன்று பெரும்பாலான சட்டக் கட்டுப்பாடுகளை எடுத்தபோது தொற்று எண்ணிக்கை உயரத்தில்தான் இருந்தது. "அப்படியென்றால் இவ்வளவு நாள் சொன்னது என்ன" என்று ஒருவர் குழம்பினால் அது கோழைத்தனம் இல்லை, கவனித்துப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஊசி போட்டாச்சு. அப்புறமும் பயம் போகலையே?

ஊசி எதிர்ப்புச் சக்திக்குப் போட்டது. மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 48 சதவீதம் பேர் அதே சங்கடத்தைச் சொன்னார்கள், மொத்தக் கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லை. கடுமையான நோய்க்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று உங்கள் அறிவுக்குத் தெரியும், அது உண்மையும்கூட. ஆனால் பயம் வந்தது புள்ளிவிவரத்தைப் படித்து இல்லையே, அப்புறம் புள்ளிவிவரத்தைப் படித்து மட்டும் எப்படிப் போகும்?

வெளியில போகாம இருந்தா நிம்மதியா இருக்கு. இப்படியே இருந்துட்டா என்ன குறைஞ்சு போச்சு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வெளியே போக வேண்டும் என்று கிளம்புகிறீர்கள். நெஞ்சு அடிக்கிறது. "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று சட்டையை மாற்றிவிட்டு உட்காருகிறீர்கள். ஒரு நிமிடத்தில் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்குகிறதே, அந்த நிம்மதிதான் வில்லன். போகாததால்தான் தப்பித்தோம் என்று மூளை ஒரு கணக்கு எழுதிவிடுகிறது. நாளைக்கு அதே கதவருகே நின்றால் பயம் ஒரு பிடி கூடுதலாக வரும், அதனால் நிம்மதியும் ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்கும். பயத்தைப் பிடித்து வைத்திருப்பது தவிர்ப்பினால் கிடைக்கும் ஆறுதல்தான் என்பதை உளவியலாளர் ஹோபார்ட் மவுரர் 1947லேயே விளக்கிவிட்டார். கொள்ளைநோய்க்கு என்று புதிதாகக் கண்டுபிடித்த எந்திரம் இல்லை இது. நாய்ப் பயம், லிஃப்ட் பயம், மேடைப் பயம் எல்லாம் ஓடுவது இதே எந்திரத்தில்தான்.

என் கதையையே சொல்கிறேன். என் தோள்பை பதினேழு மாதம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இறக்கிப் பார்த்தபோது வார் இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெளிர்க் கோடு, பைக்குள் 2020 மார்ச் மாதத்துப் பேருந்துச் சீட்டு, மூடி இறுகிப்போன சானிடைசர் புட்டி. உள்ளே உலர்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. மக்களுக்குப் போனில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த ஆள், அந்தப் பையைத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்ன ஒரு சுகம் தெரியுமா! அடுத்த பதினோரு நாள் அதைத் தொடவில்லை.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறது?

உங்களுக்கு மிகக் குறைவாகப் பயம் தருவது எது, மிக அதிகமாகத் தருவது எது என்று ஒரு தாளில் எழுதி, நடுவே வருவதை எல்லாம் படி மாதிரி அடுக்குங்கள். பயத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுங்கள். முப்பது நாற்பது வருகிற படியில் தொடங்குங்கள், பத்து வருகிற படியில் தொடங்கினால் ஒன்றும் கற்க மாட்டீர்கள், எண்பதில் தொடங்கினால் ஓடி வந்துவிடுவீர்கள்.

அறுபது தாண்டிய ஒரு அம்மா. நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய உச்சிப்படி. முதல் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைத் திறந்து நிலைப்படியில் நின்றதோடு சரி. பத்து நிமிடம். உள்ளே வந்து எனக்குப் போன் பண்ணி, "செருப்பு கடிக்குதுப்பா, காலுக்கே மறந்துபோச்சு" என்றார். மூன்று நாள் நிலைப்படி, அப்புறம் தெருமுனை, அப்புறம் நூலகத்தின் வெளிச்சுவர் வரை போய்த் திரும்புவது, அப்புறம் உள்ளே போய் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே வருவது. ஐந்தாவது வாரம் உள்ளே உட்கார்ந்து ஒரு வாரப்பத்திரிகையை முழுசாகப் படித்துவிட்டு வந்தார்.

கவனிக்க வேண்டியது ரெண்டுதான். பயம் உச்சியில் இருக்கும்போது திரும்பாதீர்கள், கொஞ்சமாவது இறங்கிய பிறகு திரும்புங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன வில்லனுக்குத்தான் தீனி. அப்புறம் ஒரே படியைப் பல முறை ஏறுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை வீரமாகப் போவதைவிடத் தினமும் கொஞ்சம் போவது எவ்வளவோ மேல்.

போன இடத்துல நடுவுல படபடன்னு வந்துட்டா? நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு.

நெஞ்சு வேகமாக அடிக்கும், கை நடுங்கும், மூச்சு போதாத மாதிரி இருக்கும், உயிர் போகப் போகிறது என்று நிச்சயமாகத் தோன்றும். பயம் வந்தால் உடம்பு சுரக்கும் அட்ரினலின் செய்கிற வேலை. பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும், இறங்காமல் மேலேயே நிற்க உடம்பால் முடியாது. உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக விடுங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும். முடிந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஓரமாக ஒதுங்கினாலும் சரி, வீட்டுக்கு ஓடாதீர்கள். "வந்துட்டியா, வா" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்றார் ஒரு தம்பி, கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் எதிர்த்துச் சண்டை போடுவதைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையில் முதல் தடவை இப்படி வருகிறது, நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, மயக்கம் வருகிறது என்றால் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு இந்தப் பதிலுக்குத் திரும்பி வரலாம்.

மாஸ்க்கைக் கழட்டவே முடியல. துணியில்லாம நிக்கற மாதிரி இருக்கு.

எதற்காகப் போடுகிறீர்கள் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தொற்றுக்காக என்றால், நெரிசலான, காற்றோட்டம் இல்லாத மூடிய இடத்தில் போடுவது நல்ல காரணம், யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டாம். ஆளே இல்லாத திறந்த வெளியிலும் கழற்ற முடியவில்லை, முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது என்றால் அது வேறு விஷயம். குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகள் இதைச் சொன்னார்கள். மீசை முளைத்தது, பரு வந்தது, பல்லுக்குக் கம்பி கட்டியது எல்லாம் முகக்கவசத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. இதற்கும் படிகள் போடலாம்: முதலில் திறந்த வெளியில் தனியாக ஐந்து நிமிடம், அப்புறம் நம்பிக்கையான ஒரு ஆளுக்கு முன்னால்.

ஆளுங்களோட என்ன பேசறதுன்னே தெரியல. பேசி முடிச்சா ரெண்டு நாள் அசதி.

துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பேச்சும் ஒரு பழக்கம். எப்போது குறுக்கிடலாம், எப்போது நிறுத்தலாம், கண்ணை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதெல்லாம் நாம் யோசிக்காமலே செய்துகொண்டிருந்த வேலைகள், இப்போது ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறோம், அசதி வராமல் இருக்குமா. எதிரில் இருக்கிறவரும் அதே நிலையில்தான் இருக்கிறார், தன் கையை எங்கே வைப்பது என்று அவரும் தவித்துக்கொண்டிருப்பார்.

பெரிய கூட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒருவர் இருவராகப் பாருங்கள், நடந்துகொண்டே பேசுங்கள், முகம் பார்த்து உட்காரும் அழுத்தம் இருக்காது. கிளம்பும் நேரத்தை வரும்போதே சொல்லிவிடுங்கள். "நான் ஒரு மணி நேரம்தான் இருப்பேன்" என்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பயமே இல்லை. எனக்கு எல்லாத்துக்கும் பயம். தினமும் இதே சண்டை.

உதவி எண்ணுக்கு வந்த குடும்பச் சண்டைகளில் இதற்குத்தான் முதலிடம். பயப்படாதவர் கேலி செய்வார், பயப்படுகிறவர் அதற்காகவே இன்னும் ரெண்டு விதி சேர்ப்பார். ரெண்டு பேரும் புள்ளிவிவரத்தோடு மோதுவார்கள், அது எங்கேயும் போய்ச் சேராது.

எந்த இடத்துக்கு யார் போகலாம் என்ற பொதுவான வாக்குவாதத்தை விட்டுவிட்டு, இந்த வாரம், இந்த ஒரு நிகழ்ச்சி, என்ன செய்வோம் என்று மட்டும் பேசுங்கள். அவரிடம் "உனக்கு அக்கறை இல்லை" என்று சொல்வதைவிட "நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் எனக்குக் கை நடுங்குது" என்று சொன்னால் காது கொடுப்பார். அதேபோல, அவரும் ஒன்று செய்ய வேண்டும்: உங்களை இழுத்துக்கொண்டு போகாமல், நீங்கள் தேர்ந்தெடுத்த படிக்குக் கூட வர வேண்டும்.

வீட்டுல கீமோதெரபி எடுக்கறவங்க இருக்காங்க. நான் பயப்படறது நியாயம்தானே? எனக்கும் இந்தப் படி வித்தையெல்லாம்தானா?

நியாயம்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஆபத்து கூடுதல், அதை யாரும் மனப்பிரமை என்று சொல்லக் கூடாது. ஊர் முழுக்க முகக்கவசத்தைக் கழற்றியபோது இவர்கள்தான் விட்டுப்போனவர்கள், அந்தக் கோபமும் நியாயம்.

எச்சரிக்கையையும் பதற்றத்தையும் பிரிக்க எனக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. எச்சரிக்கைக்கு ஒரு முடிவு இருக்கும்: ஜன்னலைத் திறந்தேன், நல்ல முகக்கவசம் போட்டேன், இருமல் இருக்கிறவரை வர வேண்டாம் என்றேன், அவருடைய மருத்துவரிடம் கேட்டேன், முடிந்தது. பதற்றம் இவ்வளவும் செய்த பிறகும் "இன்னும் ஏதோ விட்டுப்போச்சு" என்று இழுத்துக்கொண்டே போகும். உங்கள் எல்லையை நீங்கள் யூகிக்காமல் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த எல்லைக்குள் படிகளை அடுக்குங்கள். எல்லைக்கு வெளியே யாராவது வற்புறுத்தினால் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கையைக் கழுவிக்கிட்டே இருக்கேன். வாங்கற பொருளையெல்லாம் இன்னும் துடைக்கறேன்.

ஆரம்பத்தில் எல்லாரும் துடைத்தோம், அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அப்புறம் இந்த வைரஸ் முக்கியமாகக் காற்று வழியாகப் பரவுகிறது என்பது தெளிவானது. கிருமி பட்ட ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அதனால் துணியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

கழுவினால்தான் மனசு அடங்குகிறது, அடங்கியது அரை மணியில் திரும்ப வருகிறது, தோல் உரிந்தும் நிறுத்த முடியவில்லை என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக (ஓசிடி) இருக்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

கொஞ்சம் குடிச்சா தைரியமா கிளம்ப முடியுது. தப்பா?

தப்பு சரி பேச நான் யார். ஆனால் குடித்துவிட்டுப் போன இடத்தில் "நான் சமாளித்தேன்" என்று மூளை எழுதாது, "பாட்டில் சமாளித்தது" என்றுதான் எழுதும். அடுத்த தடவை ஒரு மடக்கு கூடுதலாகத் தேவைப்படும், மறுநாள் காலைப் பதற்றம் இன்னும் மோசமாக இருக்கும். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைக்கும் இதே பதில்தான், கூடவே அது ஆபத்தும்கூட.

குழந்தை ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவுது. தினமும் காலையில வயித்து வலி.

வலி பொய் இல்லை, பயம் வயிற்றில்தான் முதலில் பேசும், பெரியவர்களுக்கும்தான், முதல் கேள்வியைப் பாருங்கள். மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். விடுமுறை நாளில் வலி வரவே இல்லை என்றால் விஷயம் புரிந்துவிடும்.

"இன்னைக்கு ஒரு நாள் இரு" என்பது அன்பாகத் தோன்றும், ஆனால் வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கு குழந்தைக்கும் ஒன்றுதான். ஆசிரியரிடம் பேசி முதல் சில நாள் அரை நேரம் என்று கேளுங்கள். வாசலில் விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தை அந்தப் பக்கம் பார்க்கும்போது நழுவி வந்துவிடாதீர்கள், அடுத்த நாள் கையை விடவே விடாது. அப்புறம், உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பள்ளி வாசலில் யார் அதிகமாக நடுங்குகிறார்கள் என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வந்திருக்கிறது.

ஆபீஸ் வரச் சொல்றாங்க. பயமா இருக்குன்னு மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது?

பயம் என்ற சொல்லோடு தொடங்க வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று கேளுங்கள்: முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள், நெரிசல் நேரத்துக்கு முன்போ பின்போ வருவது, ஜன்னல் பக்கம் இடம். அளந்து கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் நாளுக்கு முன்னால், வேலை இல்லாத ஒரு நாளில், அதே வழியில் ஒரு தடவை போய் வந்துவிடுங்கள், பாதிப் பயம் அலுவலகத்தில் இல்லை, போகும் வழியில்தான் இருக்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் அதைச் சான்றோடு சொல்லுங்கள்.

வெளிப்படையா சொன்னா எனக்கு ஊரடங்கு பிடிச்சிருந்தது. எத்தனை பேர் செத்திருக்காங்க, நான் இப்படி நினைக்கறது கேவலமா இல்லையா?

இதைச் சொன்னவர்கள் எல்லாருமே சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். கேவலம் இல்லை. உங்களுக்குப் பிடித்தது நோய் இல்லை. பயணம் இல்லாத காலை, யார் முன்னும் நடிக்க வேண்டாத மாலை, உங்களைத் துன்புறுத்திய ஒரு ஆளைப் பார்க்காமல் இருக்கக் கிடைத்த சாக்கு. இதில் எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். சிலதைத் தக்கவைத்துக்கொள்ளலாம். முன்பு இருந்த வாழ்க்கைக்கு அப்படியே திரும்ப வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இயல்பிலேயே தனிமை விரும்பியாக இருப்பதற்கும் பயத்தால் உள்ளே இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போகாத நாளில் வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, இல்லை தப்பித்த மாதிரி இருக்கிறீர்களா?

எங்க அப்பா இந்த நோய்ல போயிட்டார். எல்லாரும் கொண்டாடறதைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் திணறியிருக்கிறேன். பலருக்குக் கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை, கூடி அழவும் ஆள் இல்லை. ஊர் மூடிக் கிடந்தவரை உங்கள் துக்கத்துக்கும் வெளியே இருந்த அமைதிக்கும் ஒரு பொருத்தம் இருந்தது. திறந்ததும், அவரை விட்டுவிட்டு உலகம் கிளம்பிப் போவதுபோல இருக்கிறது. உங்களுக்கு வருவது பதற்றம் என்ற பெயரில் வரும் துக்கம், அதற்குப் படி அடுக்கும் வேலை உதவாது.

அப்போது நடக்காமல் போன கூடலை இப்போது வையுங்கள், தாமதம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கொண்டாட்டத்துக்கு அழைத்தால் "இந்த வருஷம் வரலை" என்று ஒரு வரியில் சொல்லலாம், விளக்கம் தேவையில்லை.

மறுபடியும் ஊரடங்கு போட்டுட்டா? பழகி என்ன பிரயோஜனம்?

போடலாம். போடவே மாட்டார்கள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிற யாரையும் நம்பாதீர்கள். மெல்போர்ன் நகரம் ஆறு முறை மூடித் திறந்தது, மொத்தம் 262 நாள், கடைசியாக 2021 அக்டோபரில் திறந்தார்கள். அங்கே ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் பழையபடி வெளியே வரத்தான் செய்தார்கள்.

கிடைத்த இடைவெளியில் ஏறிய படி வீணாகாது. ஒரு தடவை செய்ததை இன்னொரு தடவை செய்வது சீக்கிரம் வரும். அதுபோக, தினமும் எண்ணிக்கை பார்ப்பதை நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை, நம்பகமான ஒரு இடத்தில், பத்து நிமிடம் போதும். படுக்கையில் போனை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்குப் புதிய வகை வைரஸைப் பற்றிப் படித்து யாரும் ஒரு தொற்றைக்கூடத் தடுத்ததில்லை.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

ரெண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் பதற்றம், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையோ படிப்போ நடக்கவில்லை, படிகளை முயன்றும் முதல் படியே ஏற முடியவில்லை என்றால் போங்கள். மருத்துவர்கள் ஏழு கேள்வி உள்ள ஒரு படிவம் தருவதுண்டு, 'காட்-7' என்பார்கள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 மதிப்பெண். பத்தும் அதற்கு மேலும் வந்தால் விரிவாகப் பார்ப்பார்கள். படிவம் நோயை முடிவு செய்யாது, பேச்சைத் தொடங்கிவைக்கும். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. வெளியே போகவே முடியாதவர்கள் முதல் சந்திப்பைப் போனிலோ வீடியோவிலோ கேட்கலாம்.

சாக வேண்டும் என்றோ, இல்லாமலே போய்விட்டால் நல்லது என்றோ தோன்றினால் ரெண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஒரு ஆளிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் பகுதியின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள்.

மூணு வாரம் நல்லா போயிட்டு வந்தேன். நேத்து திரும்ப வந்துடுச்சு. எல்லாம் போச்சா?

போகவில்லை. பழைய பயம் அழிந்து போவதில்லை, அதன் பக்கத்தில் புதிய பழக்கம் ஒன்று வளர்கிறது, களைப்பான நாளில் பழையது எட்டிப் பார்க்கும். மணியடித்தால் சாப்பாடு வரும் என்று நாய்களைப் பழக்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறுவதை அவற்றுக்கு மறக்கடித்த பிறகும் கொஞ்ச இடைவெளி விட்டால் திரும்ப ஊறுவதைப் பார்த்திருக்கிறார். முந்தின நாள் சரியாகத் தூங்கினீர்களா, பக்கத்தில் யாராவது இருமினார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும்.

நிலைப்படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். ஒரு படி மட்டும் இறங்குங்கள். நேற்று எந்த இடத்திலிருந்து ஓடி வந்தீர்களோ, நாளைக்கு அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, பத்து நிமிடம் நின்று, தாளில் மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு வாருங்கள். நாளன்றைக்கு அடுத்த நிறுத்தம். நூலகத்து அம்மாவுக்குக்கூட இப்படி நடுவில் ரெண்டு தடவை ஆனது. இரண்டாவது தடவை எனக்குப் போன் பண்ணவே இல்லை, அப்புறம் என்னவென்று நான் கேட்டபோது, "ஓ அதுவா, செருப்பை மாத்திட்டேன்" என்றார்.